உப்புத் தண்ணித் தொட்டியில் ராமாமணியின் மீன்கள்

ராமாமணி என்ற பெயரை உம்மல் குல்சும் முதலில் கேட்டது ஓர் ஆஸ்பத்திரி வார்டில். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, குல்சும் துணைக்கு இருந்த சமயம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கண்ணைத் திறந்தால் "ராமாமணி" என்பார். மூடினாலும் அதே பேர்தான். தண்ணீர் வேண்டுமென்றால் ராமாமணி, புரண்டு படுக்க வேண்டுமென்றால் ராமாமணி, ஃபேன் காற்று அதிகம் என்றாலும் ராமாமணி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு, "ராமாமணி இருக்கறா, அப்பறம் நமக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட் பக்கம் போனார்கள். நர்சுகளுக்கும் அந்தப் பேர் பழகிவிட்டிருந்தது.

அது கூலிக்கு வந்த ஆயாவின் பேர் என்று நினைத்த குல்சும் ஒரு மத்தியானம் திரையை விலக்கிக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க மாமியையும் செத்த நேரம் பாத்துக்கறீங்களா? ஊட்டுக்குப் போயி தண்ணி வாத்துட்டு வந்தர்றேன். என்ன தரோணுமோ சொல்லிப்போடுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஒல்லியான உடம்பு, நரை கலந்த முடியை இறுக்கிப் போட்ட கொண்டை, கண்ணுக்குக் கீழே மை இட்டதுபோல் கறுப்பு. கேட்டதைப் புரிந்துகொண்டு சிரித்துவிட்டாள்.

"நான் சம்பளத்துக்கு இல்லீங்க அம்மணி. சொந்தம். இவரு எங்க அண்ணனுக்கு மாமனாரு."

குல்சுமுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளோ ஒரு சுளையை நீட்டி, "போயிட்டு வாங்க. ஒண்ணப் பாக்கறவளுக்கு ரெண்டு என்ன கஷ்டம்?" என்றாள். குல்சும் குளித்துச் சாப்பிட்டு ஒரு கண் தூங்கிவிட்டுத் திரும்பியபோது மாமியாருக்குத் தலை வாரிப் பின்னியிருந்தது.

அதன் பிறகு மாமியாரும் மவுத்தாகி அடக்கமாகி, மகள் யாஸ்மினுக்கும் கல்யாணம் முடிந்து, குல்சுமின் வீட்டுக்காரர் முஸ்தபா மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டும் பட்டறையைக் கோட்டைமேட்டிலிருந்து கணபதிக்கு மாற்றினார். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு காம்பவுண்டு வீடு. காலியாகக் கிடந்த அடுத்த வீட்டுக்கு ஒரு நாள் டெம்போவில் சாமான் வந்தது. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் இறங்கியவளைக் குல்சும் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா! ராமாமணிக்கா! ஆரப் பாத்துக்கறதுக்கு வந்தீங்க? உள்ள ஆரு படுத்திருக்கறாங்க?"

"ஆரும் இல்ல அம்மணி. நானேதான். இனிமே எவ ஊட்டுக்கும் போறதில்லைன்னு வந்துட்டேன்."

அப்பா பேரில் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த காலி இடத்தை விற்றதில் அவளுக்கும் ஏதோ ஒரு பங்கு வந்ததாம். அதை அப்படியே கொடுத்து இந்த வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்திருந்தாள். அறுபது தாண்டிய வயதில் அவள் பேரில் இருந்த முதல் சாவி அது.

பழகப் பழகத்தான் அவள் கதை வெளியே வந்தது. அவள் உட்கார்ந்து சொன்ன கதை இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு வெயில் காட்டிய ஒரு நாளில், சேலை சேலையாக வந்த கதை. அம்மா நோயில் விழுந்தபோது ராமாமணிக்குப் பள்ளிக்கூடம் நின்றது. அண்ணன் கோவிந்தராஜுலுவுக்குக் கல்யாணமாகி, அண்ணிக்கு முதல் பிரசவம். கவனிக்க ஆள் வேண்டும், அதனால் இவள் கல்யாணப் பேச்சைத் தையில் பார்க்கலாம் என்றார்கள். அந்தத் தையில் அப்பாவுக்குப் பக்கவாதம். அடுத்த தையில் தங்கை கீதாவுக்கு அந்தியூரிலிருந்து நல்ல இடம் வந்தது. வந்ததை விடக்கூடாது என்று அவளுக்கு முதலில் முடித்தார்கள். கீதாவுக்கு இரண்டு பிரசவம். பிறகு அண்ணன் மகன் வம்சியை வளர்க்கும் வேலை, ஏனென்றால் அண்ணி ஆஸ்துமாக்காரி. அப்புறம் அந்த அண்ணியின் அப்பா. தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று ஆனது எப்போது என்பது அவளுக்கே ஞாபகமில்லை.

வேலை முடிந்து அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். அதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள்.

"இந்தப் பச்ச, கீதாவோட மொதப் பிரசவம். இந்தக் காப்பிக்கொட்டக் கலரு எங்கப்பாரு படுத்தது. நீ பாத்தியே, ஆஸ்பத்திரில, அவருக்குப் பட்டு. போயிச் சேந்த பின்னால குடுத்தாங்க."

"ஒண்ணக்கூடக் கட்டலையாக்கா? மடிப்புக் கலையல."

"எங்க கட்டறது? கட்டிட்டுப் போறதுக்குள்ள அடுத்த ஊட்டுல ஆராச்சும் படுத்துக்குவாங்க."

குல்சும் சிரித்தாள். ராமாமணியும் சிரித்தாள். அதன் பிறகு இருவரும் சேலைகளை மடித்தார்கள்.

முதல் சில மாதம் ராமாமணி தூங்கினாள். காலையில் காபி குடித்துவிட்டுத் தூங்குவாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று குல்சும் பயந்தாள். "அக்கா, ஒரு டாக்டரப் பாக்கலாமா?" என்றால், "சேத்து வெச்ச தூக்கம் அம்மணி, தீரட்டும்" என்று பதில் வரும்.

அந்தத் தூக்கம் தீர்வதற்குள் மீன்தொட்டி வந்து இறங்கியது.

வம்சிக்கு ஹைதராபாத்தில் வேலை. புதுப் பெண்டாட்டி நவ்யாவோடு கிளம்பும் நாளில் கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தான். மீன்கள் பாலிதீன் பையில். இரண்டு கோல்டு ஃபிஷ், கொஞ்சம் கறுப்பு மோலி, விரல் நகம் அளவு கப்பிகள் கொத்தாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அழுக்கைத் தின்னும் ஒரு சக்கர் மீன்.

"அத்த, இதுகளக் கொண்டுபோக முடியாது. வித்துப்போடவும் மனசு வரல. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா ஒரு மூலையில இருக்கட்டும்."

"எத்தன நாளைக்குக் கண்ணு?"

"இதுகளுக்கு ஆயுசே கொஞ்சந்தான். அது முடிஞ்சதும் தொட்டியில வெங்காயம் போட்டு வெச்சுக்குங்க."

அவன் போனதும் குல்சும் எட்டிப் பார்த்தாள். "எவ ஊட்டுக்கும் போக மாட்டேன்னீங்க. இப்பக் குடும்பத்தோட அவங்களே வந்துட்டாங்களே!"

"மீனு தான அம்மணி. மாத்தரை கேக்குமா, பெட்பேன் கேக்குமா?"

மீன்கள் கேட்கவில்லை. ராமாமணிக்குத்தான் கேட்காததைச் செய்து பழக்கம். மறுநாளே கூழாங்கற்களை அள்ளி வந்து பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தொட்டித் தண்ணீரில் ஏதோ வாடை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை ஊற்றினாள். அந்தக் காம்பவுண்டில் நல்ல தண்ணீர் என்பது வாரம் தப்பி வருவது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் போர்வெல்லின் உப்புத் தண்ணீர்தான். தான் குளிப்பதற்கு உப்புத் தண்ணீர் போதும், வம்சி நம்பி விட்டுப்போன மீனுக்கு அதை ஊற்றுவதா என்று அவளுக்கு. குடத்துத் தண்ணீர் நாலு நாளில் தீர்ந்துபோனது. பிறகு குல்சும் வீட்டுக்குச் சொம்போடு வந்தாள்.

"அக்கா, இது எங்க ரசத்துக்கு வெச்ச தண்ணி."

"ரசம் ஒரு நாளைக்கு வெக்காட்டி என்ன? அதுக பாவம், வாயத் தொறந்து தொறந்து மூடுது பாரு. தாகம்."

காலையில் ஒரு பிடி சோறு, மத்தியானம் பருப்பு, சாயங்காலம் பொட்டுக்கடலைப் பொடி. மின்வாரியத்தார் பகல் பூரா மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் ஓடவில்லை. குல்சும் போய்ப் பார்த்தால், ராமாமணி ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு நிற்கிறாள், டீ ஆற்றுவதுபோல. காலையிலிருந்து அப்படியே நிற்கிறாளாம். தோள்பட்டை நடுங்கிக்கொண்டிருந்தது.

"காத்துப் போகோணுமில்ல உள்ள" என்றாள்.

ஒவ்வொன்றாகச் செத்தன. முதலில் சக்கர் மீன். பிறகு கப்பிகள், விடிந்தால் ஒன்று மிதக்கும். "நேத்துப் பூரா நல்லாத்தான இருந்துது?" என்று கையில் ஏந்திக்கொண்டு வருவாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைப்பாள். அன்றைக்கு இன்னும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கூட ஊற்றுவாள், சோறும் கொஞ்சம் கூடப் போடுவாள்.

முஸ்தபா உக்கடம் பக்கம் போனபோது மீன் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். "குழாய்த் தண்ணியில மருந்து போட்டிருப்பாங்களாம். ஒரு நா அப்படியே வெச்சுத்தான் ஊத்தோணுமாம். தெனமும் மாத்தவே கூடாதாம். அந்த அக்கா மீனக் குளிப்பாட்டியே கொல்லுது" என்றார். குல்சும் அதைப் பாதியாகக் குறைத்து, பதமாகச் சொல்லிப் பார்த்தாள். ராமாமணி காதில் ஏறவில்லை. அழுக்குத் தண்ணீரில் யாரையாவது விட்டுவைப்பார்களா என்று கேட்டாள்.

அந்த ஆடி மாதம் கீதா ஃபோன் செய்தாள். அவள் மாமியாருக்குச் சர்க்கரை வியாதியால் காலில் புண், விரலை எடுத்திருக்கிறார்கள். "ஒரே ஒரு வாரம்கா. எனக்கு வேற ஆரு இருக்கறாங்க?"

ஃபோனை வைத்துவிட்டு ராமாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எவ ஊட்டுக்கும் போறதில்லைன்னீங்களே" என்றாள் குல்சும்.

"கீதா அழுகறா."

"நீங்க அழுதா ஆரு வாரா?"

ராமாமணி பையில் துணியை அடுக்கினாள். ஆளில்லாத வீட்டில் மோட்டாரை ஓடவிட முடியாது. மீதியிருந்த மீன்களைக் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கட்டிய நாளிலிருந்து உப்புத் தண்ணீர் நின்று, உள்சுவரெல்லாம் வெள்ளை படிந்து, பாசி பிடித்த தொட்டி. குல்சும் மதில் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மூணு நா தாங்குமா, அதுக்குள்ள செத்துப்போவும். நீ பாக்க வேண்டாம். வந்து நானே அள்ளிக் கொட்டிக்கறேன்" என்று சொல்லி, பொடக்காளிக் கதவையும் வாசல் கதவையும் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

ஒரு வாரம் ஆவணி முழுக்க நீண்டது. அவள் போன ஆடியில்தான் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் நடந்ததாம். வீட்டுத் தெரு வழியாகவே குதிரைகள் போனதாம். குளம்புச் சத்தம் கேட்டதே தவிர ஒரு குதிரையைக்கூடப் பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கிழவிக்குக் கட்டு மாற்றும் நேரமாக இருந்திருக்கிறது.

புரட்டாசி பிறந்து ஒரு காலையில் திரும்பி வந்தாள். கையில் பையும், தாளில் சுற்றிய ஒரு புதுச் சேலையும். முகம் வற்றிப்போயிருந்தது. குல்சும் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"பொடக்காளி நாறுதா?" என்று கேட்டாள் ராமாமணி.

"வாடையே வரலீங்கக்கா. காக்கா தின்னுருக்கும்."

வாளியும் ஜல்லடையும் எடுத்துக்கொண்டு இருவரும் பின்பக்கம் போனார்கள். தொட்டித் தண்ணீர் மழையில் விளிம்புவரை ஏறிப் பச்சைப் பசேல் என்று இருந்தது. மேலே முருங்கை இலைச் சருகு. ராமாமணி ஜல்லடையால் சருகை ஒதுக்கினாள். அடியிலிருந்து ஏதோ சிவப்பாக மேலே வந்து, வாயைத் திறந்து, திரும்பிப் போனது. கோல்டு ஃபிஷ். கையகலம் ஆகியிருந்தது. அதன் பின்னாலேயே மற்றொன்று. கறுப்பு மோலிகள் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன. கண் பழகிய பிறகுதான் மற்றது தெரிந்தது. விளிம்போரத்தில் கடுகு கடுகாகக் குஞ்சுகள். ஒன்று இரண்டு இல்லை, நிழல் விழுந்தால் ஒரு மேகம்போல ஒதுங்கும் அளவுக்கு.

"யா அல்லாஹ்!" என்றாள் குல்சும். "அக்கா, குட்டி போட்டிருக்குதுங்க! இத்தனையும் எதத் தின்னு உசுரோட இருந்துதுங்க?"

கொசுப் புழுவும் பாசியும்தான். டெங்குக் கொசுப் புழு தேடி வந்த மாநகராட்சிப் பெண்கள் குல்சும் வீட்டு மதில் மேலாக எட்டிப் பார்த்து, இந்தத் தொட்டியில் மட்டும் ஒரு புழுகூட இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தால் ராமாமணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஜல்லடை மடியில் கிடந்தது. சத்தமில்லாமல் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது? பொழச்சுக்குச்சுன்னு சந்தோசப்படாம?"

"நல்ல தண்ணி ஊத்துனேன் குல்சு. கல்லத் தேச்சுக் கழுவினேன். சோறு போட்டேன். பூரா செத்துதுங்க. இந்தச் சாக்கடையில வந்து கொட்டிப்போட்டுப் போனேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"மீனு தானுங்கக்கா."

"மீனு தான்" என்றாள். பிறகு, "எங்கப்பாரு படுத்திருக்கறப்ப, ஒரு நா, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நானே நிக்கறேன், என்னய விடு புள்ளேன்னாரு. நான் விடலியே. உழுந்துருவீங்கன்னு உக்கார வெச்சுட்டேன். அப்பறம் அவரு எந்திரிக்கவே இல்ல" என்றாள்.

குல்சும் அவள் மடியிலிருந்த ஜல்லடையை வாங்கிக் கீழே வைத்தாள். ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சுட வைத்து வந்தாள்.

அன்றைக்குப் பிறகு ராமாமணி தொட்டிப் பக்கம் போனால் துணி துவைக்கத்தான் போவாள். தீனி போடுவதில்லை, தண்ணீர் மாற்றுவதில்லை. குறையும்போது உப்புத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்துவிடுவதோடு சரி. மறுபடியும் தூங்க ஆரம்பித்தாள். அந்த அலுப்பு ஒரு வருஷத்தில் போகிற அலுப்பு இல்லை என்று குல்சுமுக்குத் தோன்றும்.

மார்கழியில் கோவிந்தராஜுலு காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்தியவருக்கே உரிய கனத்த குரல். கையில் ஜவுளிக்கடைப் பை. வழக்கமாக வேலை முடிந்த பிறகு வரும் சேலை இந்தத் தடவை முதலிலேயே வந்துவிட்டது. நவ்யா முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம். அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வம்சி அத்தைக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டான்.

எழுந்து போகப் பார்த்த குல்சுமை ராமாமணி கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் ஆரம்பித்ததும், "தமிழ்லயே பேசுங்கண்ணா. இவளும் நம்மூட்டு ஆளுதான்" என்றாள்.

"அதான், வார புதங்கெழம கெளம்போணும். காரு அனுப்பறேன்."

"நான் வரலீங்கண்ணா."

அவர் காதில் விழாததுபோல, "ஸ்வெட்டர் இருக்குதா? அங்க குளுரும்" என்றார்.

"வரலீங்கண்ணா."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்பறம்?"

"அலுப்பா இருக்குதுங்க."

கோவிந்தராஜுலு தங்கையை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அலுப்பா? ஒத்த ஆளு, ஒரு புடி சோறு ஆக்கற. இதுல என்ன அலுப்பு உனக்கு? அந்த மீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறயாக்கும்?"

"மீன நான் பாக்கறதே இல்லீங்க. இவளக் கேளுங்க."

"வம்சியப் பெத்தவ மாதிரி வளத்துன. நீ போகலீன்னா அந்தப் புள்ளைக்கு ஆரு இருக்கறா? கொழந்தைய எப்படி வெச்சுச் சமாளிக்கும்?"

குல்சுமின் கையைப் பிடித்திருந்த ராமாமணியின் விரல் இறுகியது. சரி என்று சொல்லிவிடுவாள் என்றே குல்சும் நினைத்தாள். எத்தனை வருஷத்துப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிடும்.

"சமாளிச்சுக்குமுங்கண்ணா" என்றாள் ராமாமணி. "நான் போயி நின்னாத்தான் ஒவ்வொருத்தரும் உசுரோட இருக்கறாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லீங்க. இருந்துக்குவாங்க."

அவர் எழுந்தார். சேலைப் பையை மேசையில் வைப்பதா எடுத்துக்கொள்வதா என்று ஒரு கணம் தடுமாறி, எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது குல்சுமைப் பார்த்து, "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா அம்மணி?" என்றார்.

"நான் என்னத்தச் சொல்றதுங்க? நானும் இப்பத்தான் கேக்கறேன்" என்றாள் குல்சும். அது உண்மைதான்.

கார் போன பிறகு ராமாமணி மத்தியானம்வரை உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை ஃபோனைக் கையில் எடுத்தாள். "வாரேன்னு சொல்லிப்போடட்டுமா?" என்று கேட்டாள். ஃபோனைப் பிடித்த கை தானாகவே கீழே இறங்கியது.

ஹைதராபாத்தில் நவ்யாவின் சித்தி வந்து தங்கினாள். பகலுக்கு ஓர் ஆயாவும் வைத்தார்கள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். வம்சி ஃபோட்டோ அனுப்பினான், அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. ராமாமணி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மூக்கு எங்கம்மா மூக்கு" என்றாள். அவள் இல்லாமல் நடந்துவிட்டது என்பதில் ஒரு நிம்மதியும், கொஞ்சம் வலியும் இருந்தது. வலி இல்லை என்று அவள் குல்சுமிடம் பொய் சொல்லவில்லை. அண்ணன் பங்குனிவரை பேசவில்லை. பிறகு யுகாதிக்கு ஃபோன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். கீதா மட்டும் இன்னமும் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அக்கா மாறிவிட்டாள் என்று.

ராமாமணி இப்போது கணபதியில், முஸ்தபாவின் பட்டறைக்கு அடுத்த அந்த வீட்டிலேயே, தனியாக இருக்கிறாள்.